மாட்டின் உடைமையாளர் யார்?

2014ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள். அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஆன் ஆர்பர் நகரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கு. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அமர்ந்திருக்கின்றனர். ஷேன் மோரிஸ் என்னும் 20 வயது மாணவன் பந்தை எறிந்து முடித்த கணத்தில், எதிரணியின் ஆட்டக்காரன் ஒருவன் விரைந்தோடி வந்து, தலைக்கவசத்தோடு தலைக்கவசம் மோதுமாறு அவனைத் தரையில் வீழ்த்துகிறான். எழுந்து நின்ற மோரிசின் கால்கள் தள்ளாடுகின்றன. அருகிலிருந்த தோழன் தாங்கிப் பிடித்திராவிட்டால் அவன் மீண்டும் விழுந்திருப்பான். அதற்கு முன்பே அவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தவன். ஆயினும் அவன் உடனே வெளியே அழைக்கப்படவில்லை. அடுத்த சுற்றையும் அவனே ஆடினான். பிறகு வெளியேற்றப்பட்டான். சில நிமிடங்களில் அவனுக்குப் பதிலாக ஆடியவனின் தலைக்கவசம் கழன்றுபோகவே, விதிப்படி அந்த மாற்று ஆட்டக்காரன் ஒரு சுற்று ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. அப்பொழுது மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டவன் இதே மோரிஸ்தான்.

அரங்கிலிருந்த மக்கள் தங்கள் சொந்தப் பயிற்றுநரை நோக்கியே கூச்சலிட்டுக் கண்டித்தனர். ஆட்டம் முடிந்தபின் பயிற்றுநர் தந்த விளக்கம் சுருக்கமானது: பையன் உறுதி மிக்கவன், ஆட விரும்பினான், விரும்பாதிருந்தால் தானே வெளியே வந்திருப்பான் என்றார். இரண்டு நாள் கழித்து, நள்ளிரவுக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணிக்கு, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் வெளியிட்ட அறிக்கை, அம்மாணவனுக்கு மூளை அதிர்ச்சி நேர்ந்திருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டது.

"ஆட விரும்பினான்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே இக்கட்டுரையில் வாதிட முற்படுகிறோம். தலையில் அடிபட்டுத் தள்ளாடும் ஓர் இளைஞனின் விருப்பம், அவனுக்குப் பொறுப்பான பெரியவர்களின் கடமையை நீக்கிவிடுமா? அமெரிக்கக் கல்லூரிகள் நீக்கிவிடும் என்பதுபோல் நெடுங்காலம் நடந்து வந்துள்ளன. அவற்றுள் நம் திருச்சபையின் பெயர் தாங்கியவையும் உண்டு. ஆகவேதான் இது நம்முடைய இதழில் பேசத்தக்கதாகிறது.

வாசகர்களுக்கு இவ்வாட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இது நாம் அறிந்த கால்பந்து அன்று. அணிக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையால் ஏந்தியும் எறிந்தும் எதிரியின் எல்லையை நோக்கி முன்னேறுவதே ஆட்டம். இதில் பந்தைப் பெற்று, எவருக்கு எறிவது என்று முடிவு செய்பவனைக் குவார்ட்டர்பேக் என்கின்றனர். அவனுக்குக் கிடைப்பது மூன்று வினாடி அளவே. அந்நேரத்தில் அவன் கண்கள் தொலைவில் ஓடும் தன் தோழர்கள்மீது இருக்க வேண்டும். கை உயர்ந்திருக்கும், விலா திறந்திருக்கும். தன்னை நோக்கி வருபவனைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவனுக்காகப் பார்க்க வேண்டியவர்கள் முன்வரிசைக் காவலர் ஐவர். வலக்கையால் எறிபவனுக்கு இடப்புற ஓரத்தில் நிற்பவனே முதுகுக்குக் காவல். அந்த ஐவர் இளையராக, பழகாதவராக, தகுதியற்றவராக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

பந்தை எறியுமுன் அவனைப் பிடித்து வீழ்த்துவதற்குச் 'சாக்' என்று பெயர். கல்லூரி ஆட்டத்தின் கணக்கு முறையில் ஒரு வழக்கம் உண்டு. அவ்வாறு வீழ்த்தப்படும்போது இழந்த தொலைவு, காக்கத் தவறிய ஐவரின் கணக்கில் எழுதப்படுவதில்லை. அடிபட்டு விழுந்தவன் ஓடிய தொலைவிலிருந்து அது கழிக்கப்படுகிறது! அடிக்கடி வீழ்த்தப்படும் இளைஞன் ஒரு பருவம் முழுதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தாலும், ஏட்டில் அவன் ஓட்டம் சுழியத்துக்கும் கீழே நிற்கும். தொழில்முறை ஆட்டத்தில்கூட அந்த இழப்பை அணியின் கணக்கிலேயே கழிக்கின்றனர். மாணவன் விழுந்தால் மட்டும் அது மாணவனின் கடன்.

இன்னொன்றையும் கேளுங்கள். வாரநாள் பயிற்சியின்போது எறிபவனுக்கு வேறு நிறத்தில், பெரும்பாலும் சிவப்பில், ஒரு மேலாடை அணிவிக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அதை அணிந்தவனை எவரும் மோதி வீழ்த்தக் கூடாது என்பது பொருள். ஆகவே, அவன் உடல் எவ்வளவு எளிதில் கெடும், ஓர் அடிகூட எவ்வளவு இழப்பு என்பதெல்லாம் அறியப்படாத செய்திகள் அல்ல. நன்றாக அறிந்திருக்கின்றனர். சனிக்கிழமை கூட்டம் வந்ததும் அந்த ஆடை கழற்றப்படுகிறது.

அடிகள் என்ன செய்கின்றன? தலைக்கவசம் மண்டை ஓட்டை உடையாமல் காக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மென்பொருள். தலை திடீரென நிற்கும்போதும் திரும்பும்போதும் மூளை உள்ளே அசைந்து முறுக்குண்கிறது. அதைத் தடுக்கும் கவசம் எதுவும் இன்றுவரை இல்லை. எறிபவன் பெரும்பாலும் பின்னோக்கி வீழ்த்தப்படுகிறான், பிடரி தரையில் அறைகிறது. தலைக்கவசங்களில் அளவுக் கருவி பொருத்திக் கல்லூரி ஆட்டக்காரரை ஆராய்ந்தவர்கள் கண்டது, முன்வரிசையில் நிற்போரே எண்ணிக்கையில் மிகுதியான அடிகளைப் பெறுகின்றனர் என்பது. ஆனால் வலிமையில் மிகுந்த அடிகளைப் பெறுவோருள் குவார்ட்டர்பேக்குகள் முன்னிற்கின்றனர். ஐயமின்றி மயங்கி விழச்செய்யும் ஓர் அடியைவிட, எவர் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் சேரும் சிறு அடிகளே மூளையை அரிக்கும் நோய்க்கு வித்தாகின்றன என்று மருத்துவர் பலர் இப்பொழுது கருதுகின்றனர். சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நோயை உயிரோடிருக்கும்போது உறுதிப்படுத்த இயலாது, இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தே அறிய வேண்டும். 2002இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் மூளையில் இதை முதலில் கண்டறிந்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த கத்தோலிக்க மருத்துவர் பென்னட் ஒமாலு. அவர் 2005இல் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு தொழில்முறைக் குழுமத்தைச் சார்ந்த மருத்துவர்கள் வற்புறுத்தினார்கள். அவர் பணியவில்லை.

2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 202 ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். கல்லூரி அளவோடு ஆட்டத்தை நிறுத்தியோர் 53 பேர், அவர்களுள் 48 பேருக்கு இந்நோய் இருந்தது. இவை குடும்பத்தார் ஐயுற்றுக் கொடுத்த மூளைகள். ஆகவே ஆடுவோர் அனைவருக்கும் இதே விகிதம் என்று கொள்வது பிழை, ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கின்றனர். நேர்மையாக வாதிட வேண்டுமெனில் இதை மறைக்கலாகாது. ஆயினும், 2018 சனவரியில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஒருவன் 21 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது, அவன் மூளையிலும் இந்நோயின் தொடக்க நிலை காணப்பட்டது. அவன் மரணத்துக்கு அதுவே காரணம் என்று சொல்ல நாம் துணியோம். அவன் பெயரை எழுதவும் மனம் வரவில்லை. மன்றாட்டில் மட்டும் வைத்துக்கொள்வோம்.

உடலுக்கு நேர்வதைப் போலவே உள்ளத்துக்கு நேர்வதும் உண்டு. பலமுறை வீழ்த்தப்பட்டவன் தொலைவில் பார்ப்பதை விட்டுவிட்டு அருகில் வரும் காலடிகளைப் பார்க்கத் தொடங்குகிறான். காவல் உறுதியாக நிற்கும் வேளையிலும் அவன் கால்கள் நிலைகொள்வதில்லை. பதறி எறிகிறான், பந்து எதிரியிடம் போகிறது. அப்பொழுது அரங்கு அவனைத் தூற்றுகிறது. முதலில் அவனைக் காக்கத் தவறினோம், பின்னர் காக்கப்படாதவன் அஞ்சியதற்காக அவனையே பழித்தோம். ஒரு தந்தை தன் மகனிடம் இவ்வாறு நடந்துகொண்டால் பங்கில் நாம் சும்மா இருப்போமா?

2023இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 11 ஆட்டங்களில் 52 முறை இவ்வாறு வீழ்த்தப்பட்டார். முதுகில் எலும்பு முறிவோடு பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வர இயலவில்லை. பயிற்றுநர் வேறு எவரும் அல்லர், அவருடைய தந்தையே. இதனால் தந்தையின் அன்பை நாம் ஐயுறவில்லை. பெற்ற தந்தையாலேயே காவலைச் சீராக்க இயலாத ஏற்பாடு எத்தகையது என்றே வியக்கிறோம்.

"அவர்கள் விரும்பித்தானே ஆடுகிறார்கள்?" என்பது முதல் மறுமொழி. அறிந்து உடன்படுபவனுக்கு அநீதி இழைக்கப்படுவதில்லை என்றொரு பழைய உரோமைச் சட்ட வாக்கு உண்டு. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவரும் அதைக் கேட்டிருப்பர். அதன் வரம்பையும் உடனே கேட்டிருப்பர்: அறிவு முழுமையாக இருத்தல் வேண்டும், விருப்பம் கட்டற்றதாக இருத்தல் வேண்டும். 18 வயதில் வீட்டை விட்டு வந்தவன், படிப்புக்கான உதவித்தொகையை ஆட்டத்தால் பெறுபவன், பயிற்றுநரின் ஒரு சொல்லால் இருக்கையை இழக்கக்கூடியவன், அந்நேரத்தில் மூளை கலங்கி நிற்பவன். இவனிடத்தில் எந்த முழு அறிவு, எந்தக் கட்டற்ற விருப்பம்? 1973 முதல் 2012 வரை அந்த உதவித்தொகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதாகவே இருந்தது. அடிபட்டேன் என்று சொல்பவனுக்கு அடுத்த ஆண்டு உறுதியில்லை.

சட்டத்தின் கதையும் இதையே சொல்கிறது. 1955இல் கொலராடோ மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்றில் ஆடிய ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளருக்குரிய இழப்பீடு கேட்ட மனைவிக்கு 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியக் கழகம் 'மாணவ விளையாட்டு வீரர்' என்னும் சொல்லைப் புழக்கத்தில் கொண்டுவந்தது. ஆடுபவர் ஊழியர் என்று தீர்ப்பாகிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பதை, அக்கழகத்தை 1951 முதல் 1987 வரை நடத்திய வால்ட்டர் பையர்ஸ் 1995இல் தம் நூலில் தாமே எழுதிவிட்டார். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக் கெய்ன் கோல்ட்டர் தம் தோழர்களைச் சேர்த்துச் சங்கம் அமைக்க முற்பட்டார். அவர்களுடைய முதன்மைக் கோரிக்கைகளுள் கல்லூரியை விட்டபின்னும் மருத்துவ உதவியும், தலைக்காயத்திலிருந்து பாதுகாப்பும் இருந்தன. ஒரு மண்டல அதிகாரி அவர்களை ஊழியர் என்றே தீர்ப்பளித்தார். 2015இல் தேசிய வாரியம் அவ்வழக்கில் தலையிட மறுத்துக் கோப்பை மூடியது.

பணத்தைப் பற்றிய நிலைமை மாறியிருப்பது உண்மை. 2021 முதல் மாணவர் தம் பெயரைக் கொண்டு விளம்பர வருவாய் பெறலாம். 2025 சூனில் ஏற்கப்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கும் மேலாகத் தன் விளையாட்டு மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். நன்று, உழைத்தவன் கூலிக்கு உரியவன். ஆனால் கூலி கொடுத்துவிட்டதால் காவல் கடமை தீர்ந்தது என்று எவரும் கருதிவிடக் கூடாது. கல்லூரியை விட்டபின் விளையாட்டுக் காயங்களுக்கு மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் உயர்நிலைக் கல்லூரிகளுக்கு வந்தது 2024 ஆகஸ்டில்தான். அதுவும் குறைந்தது இரண்டு ஆண்டுகள். மேலே சொன்ன மூளை நோயோ பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டுவது.

இரண்டாம் மறுமொழி நம்மை இன்னும் மிகுதியாக வருத்துவது. அது நம் மேடையிலிருந்தே எடுத்த மொழி. தியாகம், துணிவு, சிலுவையைச் சுமத்தல், தோழருக்காகத் தன்னைக் கொடுத்தல் ஆகிய சொற்களை அரங்கின் ஒலிபெருக்கியில் கேட்கும்போது நமக்குக் கூச்சம் உண்டாகிறது. துணிவு அஞ்சாமையோடு முடிந்துவிடுவதில்லை, அச்சமற்ற மூர்க்கமும் அதற்கு எதிரான குற்றமே என்று புனித தோமா அக்குவினாஸ் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆண்டவர் தம் உயிரைத் தாமே கொடுத்தார். பிறனுடைய உயிரைப் பிடித்து முன்னே தள்ளிவிட்டு, 'நீ தியாகி' என்று கைதட்டுவதற்கு நற்செய்தியில் எங்கே இடம்?

திருச்சபை இதில் ஊமையாக இருந்ததில்லை. 1139இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வீரர்கள் தம் வலிமையைக் காட்டுவதற்காகக் கூடி மோதிய போட்டிகளைத் தடைசெய்தது. அங்கே அடிபட்டு இறப்பவனுக்குப் பாவசங்கீர்த்தனமும் கடைசி நற்கருணையும் மறுக்கப்படாது, ஆனால் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது என்று விதித்தது. கடுமையான விதிதான்! இன்று அப்படி எவரும் சொல்லார், நாமும் கேட்கவில்லை. 2018இல் வத்திக்கானில் பொதுநிலையினர், குடும்பம், வாழ்வு ஆகியவற்றுக்கான துறை விளையாட்டைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. விளையாட்டைப் பெரிதும் பாராட்டும் அந்த ஏடே, உடலுக்குத் தவிர்க்க முடியாதபடி கடுந்தீங்கு விளைக்கும் விளையாட்டை அறநெறியால் நியாயப்படுத்த இயலாது என்றும், தீங்கைப் பற்றிய புதிய அறிவு வரும்போது ஆட்டத்துக்கு முன்னே மனிதனை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் நமக்குத் தெளிவான வழிகாட்டி இவற்றினும் பழையது. விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாடு கல்லெறிந்து கொல்லப்படும், உடைமையாளன்மீது குற்றமில்லை. அதே மாடு முன்பே முட்டும் வழக்கமுடையதாயிருந்து, அது உடைமையாளனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் அதைக் கட்டிக் காவாமல் விட்டிருந்தால், குற்றம் அவனையும் சேரும். இணைச்சட்டம் 22ஆம் அதிகாரமோ, புதுவீடு கட்டுபவன் கூரைக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பாவிடில் அங்கிருந்து விழுபவனின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. விழுந்தவன் தானாகத்தானே கூரைமேல் ஏறினான் என்ற வாதம் அங்கே எழவே இல்லை. முதல் அடி விபத்தாகலாம். ஐந்தாவது, பத்தாவது, ஐம்பத்திரண்டாவது அடி விபத்து ஆகுமா? ஒவ்வொரு திங்களன்றும் அறையில் அமர்ந்து, எந்தக் காவலன் எந்த வினாடியில் தவறினான் என்பதைப் படச்சுருளை ஓட்டி ஓட்டிப் பார்க்கின்றனர். அறிவிக்கப்படாத உடைமையாளர் அவர்களுள் எவரும் இல்லை.

இனி நம் வீட்டுக்கே வருவோம். இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 1842இல் திருச்சிலுவைச் சபைக் குருக்களால் தோற்றுவிக்கப்பட்டது. அதன் நூலக முகப்பில் 1964இல் எழுப்பப்பட்ட, கைகளை உயர்த்திய கிறிஸ்துவின் மாபெரும் கற்சித்திரம் விளையாட்டரங்கை நோக்கியிருக்கிறது. ஆட்டத்தில் புள்ளி கிடைத்ததை நடுவர் காட்டும் சைகைபோல் இருப்பதால் அதற்கு மக்கள் வைத்த வேடிக்கைப் பெயரை நாம் எழுத விரும்பவில்லை. 1991 முதல் ஒரே தொலைக்காட்சி நிறுவனம் அவர்களுடைய சொந்த அரங்க ஆட்டங்களை ஒளிபரப்பி வருகிறது. அணியினர் ஆட்டத்துக்கு முன் திருப்பலியில் பங்குகொள்ளும் மரபும் உண்டு.

2007ஆம் ஆண்டு அந்த அணி 12 ஆட்டங்களில் 9இல் தோற்றது. அதன் எறிவோர் அப்பருவத்தில் 58 முறை வீழ்த்தப்பட்டனர். அவ்வாண்டு நாட்டின் முதல்நிலைக் கல்லூரி அணிகளுள் இதுவே மிக மோசமான எண். அந்த அடிகளில் பெரும்பகுதியைத் தாங்கியவன் கல்லூரிக்கு அப்பொழுதுதான் வந்த முதலாண்டு மாணவன். அந்தப் பயிற்றுநருக்கு 2005இலேயே பத்தாண்டு ஒப்பந்தம் அளித்திருந்தனர். 2009இல் அவரை விலக்கியபோது, மீதி ஆண்டுகளுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்து முடித்த தொகை ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் டாலர். விழுந்த மாணவனுக்கு ஊதியமாக ஒரு காசு கொடுப்பதும் அந்நாள் விதிப்படி குற்றம். பலிபீடத்தில் கிறிஸ்துவின் உடலை அந்த இளைஞனின் கையில் வைக்கும் குரு, சில மணி நேரத்தில் அவனுடைய உடலுக்கு என்ன நேரும் என்பதைப் பற்றி எவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் நம் உடன்குரு. ஆகவே இக்கேள்வி நம்மையும் குத்துகிறது.

ஆட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. மாற்றம் இயலாதது என்பாருக்கு வரலாறு விடை சொல்லும். 1905இல் ஒரே பருவத்தில் 18 பேர் இறந்ததாக அந்நாள் பத்திரிகைகள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் பொறுப்பாளரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு, கும்பலாய் மோதிக்கொள்வதைக் குறைப்பதற்காகவே பந்தை முன்னோக்கி எறிய இசைவளிக்கப்பட்டது. உயிர்களைக் காப்பதற்காகப் பிறந்த எறிதல்தான் இன்று எறிபவனைத் தனியே திறந்த வெளியில் நிறுத்துகிறது என்பது வேறு செய்தி. தலையைக் குறிவைத்து மோதுபவனை வெளியேற்றும் விதி 2013இல் வந்தது. ஆன் ஆர்பரில் நடந்த கேவலத்துக்குப் பின், 2015இல் அப்பகுதிப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு மேல்தளத்து அறையில் மருத்துவக் கண்காணிப்பாளர் ஒருவரை அமர்த்தியது. அவர் ஆட்டத்தை நிறுத்தலாம், பயிற்றுநரின் இசைவு தேவையில்லை. ஆகவே இயலும். ஊரார் கூச்சலிட்ட பிறகே இயன்றது என்பதுதான் வெட்கம்.

புனித அகுஸ்தீனாரின் நண்பர் அலிப்பியுஸ் உரோமையின் அரங்கில் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்ததையும், கூட்டத்தின் பேரிரைச்சல் கேட்டுக் கண் திறந்து, அங்கே வீழ்ந்தவனைவிடக் கடுமையாகத் தாமே வீழ்ந்ததையும் நம் வாசகர் பலர் அறிவர். ஆன் ஆர்பரின் கூட்டம் அன்று அதற்கு எதிராக நடந்துகொண்டது. கண் திறந்து பார்த்தது, பார்த்ததும் வெட்கப்பட்டது, 'அவனை வெளியே எடு' என்று கத்தியது. படித்த பெரியவர்கள் காணாததைச் சீட்டு வாங்கி வந்தவர்கள் கண்டார்கள்.

2010 அக்டோபரில், நோட்டர் டேம் அணியின் பயிற்சியைப் படம்பிடிக்க உயர்ந்த தூக்கு மேடையில் ஏற்றப்பட்ட ஒரு மாணவன், கடுங்காற்றில் மேடை சாய்ந்து விழுந்து இறந்தான். பல்கலைக்கழகத் தலைவராக இருந்த அருள்தந்தை ஜான் ஜென்கின்ஸ் அடுத்த மாதம் வெளிப்படையாக எழுதிய மடலில், அவன் தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவன் என்றும், அவனைக் காக்கத் தவறினோம் என்றும், தலைவர் என்ற முறையில் பொறுப்புத் தம்முடையதே என்றும் ஒப்புக்கொண்டார். காற்று வீசியது என்றோ, பையன் தானே ஏறினான் என்றோ அவர் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவர் கட்டாத வீட்டின் தலைவன் பேச வேண்டிய மொழி அது. மூன்றாண்டுக்கு முன் 58 முறை எழுந்த ஓசைக்கு அப்படி ஒரு மடல் எழுதப்படவில்லை. ஆட்டக் கணக்கேட்டில் மட்டும், மாணவனின் பெயருக்கு நேரே, கழித்தல் குறியோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.